பாயில் உட்காரும் கிடார்

மார்த்தா இரண்டு கையிலும் காப்பிக் கோப்பையோடு கதவருகே அப்படியே நின்றுவிட்டார்.

நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மெல்லிசாக மரத்தூள் படிந்த தரை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தேன். மடியில் அவர் எனக்காகவே செய்த எலெக்ட்ரிக் கிடார். நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போக மிளகாய்ப் பழச் சிவப்பு. பட்டறை முழுக்கப் பசை வாசனையும், ரம்பத்தில் சூடான மரத்தின் வாசனையும். அதற்கு நடுவில் எங்கள் கிறிஸ்தவ சபைப் பாட்டு ஒன்றைக் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன்.

"நாற்காலி உடைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"விழுந்துவிட்டீர்களா?"

"இல்லைங்க. வாசிக்கத்தான் உட்கார்ந்தேன்."

நாங்கள் பேசிக்கொண்டது இங்கிலீஷில். என் இங்கிலீஷையும் அவர் இங்கிலீஷையும் சேர்த்தால்தான் ஒரு முழு இங்கிலீஷ் தேறும். அதனால் இங்கே தமிழிலேயே போட்டுவிடுகிறேன்.

கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். எங்கள் தெருவில் யாராவது புது பைக் வாங்கினால் இப்படித்தான் சுற்றி வருவார்கள். பிறகு குனிந்து பார்த்தார். கிடாரின் அடி விளிம்பில் ஒயர் செருகுகிற ஓட்டை. செருகிய ஒயரின் முனை தரையில் முட்டி வளைந்திருந்தது. கிடாரின் கழுத்து கீழே கீழே சாய, அதை இடது உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எப்போதும் இப்படித்தான் வாசிப்பீர்களா?"

"ஆமாங்க. உட்கார்ந்துதான் வாசிப்பேன்னு மெயில்லயே எழுதியிருந்தேனே."

மார்த்தா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரக் கடைசியில் எனக்குத் திரும்பும் விமானம். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள், ஞாயிறு, எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அன்றைக்குப் புதுக் கிடாரில் வாசிப்பேன் என்று கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன். எத்தனையோ வருஷ ஓவர்டைம் என் மடியில் இருந்தது. ஆனால் மடியில் நிற்க மாட்டேன் என்றது.

கிடார் வாங்க ஒரு விசா

செக் நாட்டில், பெரிய ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு சின்ன ஊர் அது. மார்த்தாவுக்கு என்னைவிடச் சில வயது அதிகம் இருக்கலாம். தனியாளாகப் பட்டறை வைத்திருக்கிறார். வாங்குகிறவர் நேரில் வந்து வாசித்துக் காட்டாமல் கிடாரைக் கொடுக்க மாட்டார். கூரியரில் அனுப்புங்கள் என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். "சட்டையா, அனுப்புவதற்கு? கை வர வேண்டும்" என்று பதில் வந்தது.

ஒரு கிடாருக்காக அவ்வளவு தூரமா என்று கேட்காத ஆளில்லை. காரணம் என் இடது கைச் சுண்டுவிரல்.

டிப்ளமோ முடித்து சிப்காட் தொழிற்பேட்டையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த புதிதில் ஒரு இரும்புச் சட்டம் நழுவி அதன்மேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்த விரல் முக்கால்வாசிதான் மடங்கும். கடையில் விற்கிற கிடார்களின் கழுத்தைப் பிடித்து நாலு பாட்டு வாசித்தால், ஐந்தாவது பாட்டுக்கு விரல் என் பேச்சைக் கேட்காது. மார்த்தாதான் என் கையைக் காகிதத்தில் வரைந்து அனுப்பச் சொல்லி, அந்த விரலுக்கென்றே கழுத்தை ஒரு பக்கம் மெலிதாகச் சீவித் தருகிறேன் என்றார். இன்று அதே சிப்காட்டில் வாகன உதிரிபாகங்களின் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு பொருள் அளவில் சரியாக இருந்தால் அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குப் புரியும்.

விசா அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா கேட்டார்.

"எதுக்குப் போறீங்க?"

"கிடார் வாங்கங்க."

"இங்க கிடைக்காதா?"

"கிடைக்கும்ங்க."

"அப்புறம்?"

கையைக் கண்ணாடியில் வைத்து விரலை மடக்கிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் விரலைப் பார்த்தார். தன் சுண்டுவிரலையும் ஒரு தடவை மடக்கிப் பார்த்துக்கொண்டார். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டில்தான் கேள்வி அதிகம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். இரும்பு உருக்கி உருட்டுகிற ஆலையில் வேலை.

"இன்னாடா, கும்மிடிப்பூண்டில இல்லாத இரும்பா அங்க கீது?"

"இரும்பு இல்ல நைனா, மரம்."

"மரத்துக்கா ஏரோப்ளேன்ல போற?"

அம்மா வேறு வழியில் வந்தார். "அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

"மார்த்தா."

"நம்ம மீஞ்சூர் மார்த்தா பேரா? அப்போ நல்லாத்தான் செய்வா. போய்ட்டு வா."

மீஞ்சூர் மார்த்தா என் பெரியம்மா. அவர் எதை நல்லா செய்வார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விலையை மட்டும் எங்கேயும் எழுதக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. எனவே அடுத்ததற்குப் போகிறேன்.

அரியணையில் ஒரு போட்டோ

தப்பு எங்கே நடந்தது என்பதை மார்த்தாவும் நானும் அந்தப் பட்டறைத் தரையில் வைத்தே கண்டுபிடித்தோம்.

ஆர்டர் கொடுத்தபோது அவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். நின்று வாசிப்பீர்களா, உட்கார்ந்தா? உட்கார்ந்துதான், மணிக்கணக்கில், என்று எழுதினேன். சரி, வாசிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றார்.

பாயில் உட்கார்ந்து வாசிக்கிற போட்டோ என் போனிலேயே இருந்தது. அனுப்பப் போகிற நேரத்தில் அம்மா பார்த்துவிட்டார்.

"இதையா அனுப்பப் போற? வெளிநாட்டுக்காரங்க பாக்கற போட்டோ. கைலியும் பனியனுமா உக்காந்துக்கினு கீற. அவுங்க இன்னா நெனப்பாங்க?"

"வாசிக்கறத பாக்கத்தாம்மா கேக்கறாங்க."

"வாசிக்கறத நல்ல சட்ட போட்டுக்கினு வாசி."

எங்கள் வீட்டில் போட்டோ என்றால் ஸ்டூடியோ. கவரைப்பேட்டையில் ரயில் ஏறி அடுத்து இருக்கிற பொன்னேரிக்குப் போனோம். சபையில் வாசிக்கிற பழைய கிடாரைத் துணியில் சுற்றி அம்மாவே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஸ்டூடியோக்காரர் கோட்டு ஒன்று கொடுத்தார். முதுகில் கிளிப் போட்டு இறுக்கினார். பின்னால் அருவிப் படம். உட்காரச் சொன்னது ஒரு தங்க நிற அரியணையில். மஞ்சள் நீராட்டு விழாப் பெண்களுக்கும் முதல் பிறந்தநாள் குழந்தைகளுக்கும் வைத்திருக்கிற ஆசனம் அது. அதில் ஏறி உட்கார்ந்தால் என் கால் தரையில் பட்டும் படாமலும் தொங்கியது.

"மோவாய தூக்கு தம்பி. கிடார நெஞ்சோட அணைச்சிக்கோ. ஆங், அப்டி."

மார்த்தா அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அதில் என் தொடை எந்த உயரத்தில் இருக்கிறது, கிடார் எங்கே வந்து பொருந்துகிறது என்று கோடு கோடாகப் பென்சிலில் போட்டிருந்தார். அந்தக் கோட்டை வைத்துத்தான் கிடாரின் இடுப்பு வளைவைக் குடைந்திருக்கிறார். அந்த அரியணையில் உட்கார்ந்தால் இந்தக் கிடார் அப்படியே பொருந்தியிருக்கும்.

"உங்கள் ஊரில் எல்லோரும் இப்படிப்பட்ட நாற்காலிதான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்" என்றார் மார்த்தா. "அரச குடும்பமோ என்றுகூட ஒரு சந்தேகம் இருந்தது."

எங்கள் சபையின் தரை

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், நெல் வயல்கள் முடிந்து கம்பெனிச் சுவர்கள் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் சபை இருக்கிறது. தகரக் கூரை. உள்ளே பெஞ்சும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் பாயில். பாஸ்டர் ஒருவர்தான் நிற்பார். அரிசிக்கடை முதலாளி வந்தாலும் பாய்தான், அவர் கடையில் மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் அதே பாய்தான். வெயில் காலத்தில் கூரை டக் டக்கென்று விரியும். பாய்க் கோரை தொடையில் கோடு கோடாகப் பதியும். வீட்டுக்குப் போன பிறகும் ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கோடு இருக்கும்.

சின்ன வயதில் பாஸ்டர் வீட்டுப் பழைய கிடாரை என் மடியில் வைத்தபோது நான் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை அங்கேயேதான். அந்தப் பழைய கிடாருக்கு ஒயர் ஓட்டை முன்பக்கம் இருந்தது. அடியில் இருந்தால் பாயில் முட்டும் என்கிற யோசனைகூட எனக்கு வராததற்கு அதுதான் காரணம்.

நைனா எனக்கு இடது பக்கம் உட்காருவார். அவருக்குப் பாட்டுப் புத்தகம் படிக்க வராது. எல்லாப் பாட்டும் மனப்பாடம். வலது கையால் தன் முழங்காலில் தாளம் போடுவார். எங்கள் சபையில் கரண்ட் அடிக்கடி போகும். அப்போது ரிதம் பேட் நின்றுவிடும், கீபோர்டு நின்றுவிடும், மைக் நின்றுவிடும். நைனா கை நிற்காது. சின்ன வயதிலிருந்து அந்தக் கையைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். இந்த விஷயம் எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது. அதைச் சொன்னது மார்த்தா. அதைப் பிறகு சொல்கிறேன்.

சமீப காலமாக நைனாவுக்குப் பாயில் உட்கார்வது கஷ்டம். ஆலையில் நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது. எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். "ஒண்ணும் இல்லடா, மரத்துப் போச்சு" என்பார், ஒவ்வொரு வாரமும்.

சிவப்பு சேர்

மார்த்தா இரண்டு வழி சொன்னார். ஒன்று, நான் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கப் பழகிக்கொள்வது. கிடார் இப்போது இருக்கிற அழகோடு அப்படியே என் ஊருக்கு வரும். இரண்டு, கிடாரை வெட்டுவது. உடம்பின் அடிப்பக்கம் சிறகு மாதிரி புடைத்திருப்பதைப் பிறை மாதிரி அறுத்தெடுத்து, ஒயர் ஓட்டையை அடைத்து, முன்பக்கம் புது ஓட்டை போடுவது. அறுத்த இடத்தில் பழைய மாதிரி பளபளப்பு வராது. அதற்குப் பூசுகிற வார்னிஷ் வாரக்கணக்கில் காய வேண்டும். வெறும் எண்ணெய்தான் பூச முடியும்.

"முடித்த கிடாரை நான் இதுவரை அறுத்ததில்லை. அறுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. நாளைக் காலை சொல்லுங்கள்."

வெளியே வந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். நைனா ஆலை வாசல் டீக்கடையில் இருந்தார். அவர் முகத்தில் பாதியும் டீக்கடைக் கூரையில் பாதியும் தெரிந்தது.

"நைனா, ஒரு பேஜாராப் பூட்ச்சி."

"இன்னாடா, பாஸ்போர்ட்ட தொலச்சிட்டியா?"

"இல்ல நைனா. கீழ உக்காந்தா கிடாரு நிக்க மாட்டேங்குது. சேர்ல உக்காந்தாதான் நிக்குது."

"அப்போ சேர்ல உக்காரு."

"சபையில எப்டி நைனா? எல்லாரும் கீழ உக்காந்துக்கினு இருக்க சொல்ல நான் மட்டும்..."

"நம்ம ஊட்டு செவப்பு சேர நானே தூக்கியாறேன். நீ உக்காரு. எவன் இன்னா கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்."

"இல்லன்னா வெட்டி சரி பண்லாம்னு சொல்றாங்க."

"எத வெட்றாங்க? புதுசா வாங்கி யாருனா வெட்டுவாங்களா? பாழாக்காத. மேல உக்காந்து வாசிடா. நாங்கதான் உக்காரல."

போனை வைத்துவிட்டார். டீ ஆறியிருக்கும்.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதன் பின்னால் இருப்பதை நான் சொல்ல வேண்டும். ஆலைக்கு வருவதற்கு முன்னால் நைனா வயல் வேலை செய்தவர். கூலி நெல் வாங்க நிலத்துக்கு முதலாளியான ஆண்டை வீட்டுக்குப் போனால் வாசல் மண்ணில்தான் உட்கார வேண்டும். அளந்து போடுகிறவரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆண்டை நாற்காலியில் இருப்பார். அந்த வீட்டில் சும்மா கிடந்த நாற்காலிகளும் இருந்தனவாம். இதை நைனா ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்.

எங்கள் வீட்டுக்கு முதல் நாற்காலி நான் பத்தாவது பாஸானபோது வந்தது. சிவப்பு பிளாஸ்டிக் சேர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். சைக்கிளில் கட்டி எடுத்து வந்து, "இதுல உக்காந்து படி" என்றார் நைனா. அன்றிலிருந்து அது என் சேர். நான் வெளியே போய்த் திரும்பி வரும்போதுகூட அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மா துவைத்த துணியை மடித்து வைப்பார், அவ்வளவுதான்.

ரம்பம்

மறுநாள் காலையில் மார்த்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் வாசித்துப் பார்த்தேன். நைனா சொன்னபடி செய்துவிடலாம் என்றுதான் போனேன்.

கிடார் சாயவில்லை. சுண்டுவிரல் வலிக்கவில்லை. சத்தம் தேன் மாதிரி வந்தது. ஆனால் தாளம் மட்டும் ஒவ்வொரு வரியிலும் ஒரு மயிரிழை பிந்தியது. நிறுத்தி நிறுத்தி ஆரம்பித்தேன். மார்த்தா தாளக் கருவியைத் தட்டிவிட்டார். அப்போதும் அப்படியே.

"யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"யாரையும் இல்லையே."

"ஒவ்வொரு வரி முடிவிலும் இடது பக்கம் கீழே பார்க்கிறீர்கள். நேற்றுத் தரையிலும் பார்த்தீர்கள். அங்கே ஒன்றுமே இல்லை."

அங்கே இருக்க வேண்டியது நைனா கை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் அந்தக் கை எங்கேயோ கீழே போய்விடும். நான் பாட்டுக்கு மேலே தனியாக வாசித்துக்கொண்டிருப்பேன். ஆண்டை வீட்டு வாசலில் கீழே உட்காரச் சொன்னார்கள். எங்கள் சபையில் யாரும் யாரையும் சொல்லவில்லை, நாங்களாகவே சேர்ந்து உட்கார்ந்தோம். இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று தெரியவில்லை. என் அப்பா அங்கே உட்காருவார், அவர் கையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு நானே எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"அறுத்துடுங்க."

மார்த்தா பென்சிலை எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். தரையோடு தரையாக முகத்தை வைத்து, என் தொடை எங்கே சரிகிறது, கணுக்கால் எங்கே இடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டார். அந்தச் சிவப்புப் பளபளப்பின்மேல் பென்சில் கோடு விழுந்தபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நடுவில் அவரும் சம்மணம் போட்டுப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். ஒரு முட்டி தரைக்கு வந்தது, இன்னொன்று கூரையைப் பார்த்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

"இப்படி உட்கார்ந்து மணிக்கணக்கில் பாட்டு வேறா?" என்றார், விழுந்த இடத்திலிருந்தே.

ரம்பம் ஓடியபோது நான் வெளியே போய் நின்றுவிட்டேன். பட்டறைக்குப் பக்கத்தில் பெரிய மரம் ஒன்று. அதன் காய்கள் தகரக் கூரையில் விழுந்து உருண்டுகொண்டிருந்தன. எங்கள் சபைக் கூரைச் சத்தம் மாதிரியே இருந்தது. உள்ளே ரம்பம் ஒரு தடவை கீச்சென்று ஏறி, இறங்கி, நின்றது.

அறுத்த துண்டை என் கையில் கொடுத்தார். பிறை நிலா மாதிரி ஒரு மரத்துண்டு. அது இன்று எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்கு முட்டு. அதற்கு மட்டும் தனியாக விலை போட்டால் ஊரிலேயே ஒசத்தியான கதவு முட்டு அதுதான்.

அதற்கப்புறம் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதுமாகவே நாட்கள் போயின. அறுத்த இடம் மட்டும் பளபளப்பில்லாமல், வெளிர் நிறத்தில், தொட்டால் தோல் மாதிரி இருந்தது. "இந்த இடம் வறண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது எண்ணெய் வைக்க வேண்டும்" என்றார் மார்த்தா. கிளம்பும் நாளில் தரையில் உட்கார்ந்து முழுப் பாட்டும் வாசித்தேன். கிடார் நின்றது. கையை எடுத்தாலும் நின்றது. மார்த்தா எனக்கு இடது பக்கம், கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, தன் முழங்காலில் தாளம் போட்டார். கொஞ்சம் தப்பாகத்தான் போட்டார்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, "இன்னா சார், ஒரு பக்கம் எலி கடிச்சிருக்கு?" என்றார்.

"ஆர்டர் பண்ணி கடிக்க வச்சதுங்க" என்றேன்.

அறுப்பின் பண்டிகை

எங்கள் சபையில் நிலம் வைத்திருக்கிறவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அறுப்பின் பண்டிகை உண்டு. அவரவர் தங்கள் உழைப்பில் வந்ததைக் கொண்டுவருவார்கள். வீட்டுக்குப் பின்னால் காய்த்த பூசணி, வளர்த்த சேவல், கம்பெனி கேண்டீனில் கொடுத்த இனிப்புப் பெட்டி. எல்லாம் ஏலம் போகும். சேவல் ஒன்று எப்போதும் ஏலத்துக்கு முன்பே கயிற்றை அறுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் ஓடும். அந்த வருஷமும் ஓடியது.

முந்தின ராத்திரி நான் ஊருக்கு வந்தபோது நைனா நைட் ஷிஃப்டில் இருந்தார். கிடாரை அவர் பார்க்கவில்லை. "சரி பண்ணியாச்சு நைனா" என்று போனில் சொல்லியிருந்தேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதிதாக எது வாங்கினாலும் பாஸ்டர் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபம் பண்ணுவது எங்கள் வழக்கம். பைக், கிரைண்டர், செல்போன், எதுவானாலும். அவர் எண்ணெய்க் குப்பியோடு வந்ததும் எனக்குத் திக்கென்றது. அந்தத் தேன் நிறத்துக்கு மேலேயா? சட்டென்று கிடாரைத் திருப்பி அறுத்த விளிம்பைக் காட்டினேன்.

"பாஸ்டர், இங்க வைங்க."

அவர் விரலால் தடவிப் பார்த்தார். எண்ணெயை மரம் உடனே குடித்துவிட்டது. "இன்னாப்பா, எண்ணெ வைக்கறதுக்குன்னே எடம் வுட்டு செஞ்சிக்கிறாங்க" என்றார் ஆச்சரியமாக.

நான் பாயில் உட்கார்ந்து, முன்பக்கம் ஒயரைச் செருகி, சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் சலசலப்பு. நைனா. வெள்ளைச் சட்டை. தலைக்கு மேல் சிவப்பு சேர். கூட்டத்துக்கு நடுவில் "வழி வுடுபா, வழி வுடுபா" என்று கால் வைக்க இடம் தேடித் தேடி வந்தார்.

"எங்கடா போடட்டும்?"

கேட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். பாயில் இருக்கிறேன். மடியில் கிடார் அசையாமல் நிற்கிறது. சேரைக் கீழே வைத்துவிட்டு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். கட்டைவிரலால் விளிம்பை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும் தடவினார்.

"வெட்டிட்டியா?"

"ஆமா நைனா."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வழவழன்னுதான் கீது" என்றார். பிறகு நிமிர்ந்து, "அப்போ இத இன்னா பண்றது? இவ்ளோ தூரம் தூக்கியாந்தேன்."

"நீ உக்காரு நைனா" என்றேன்.

"நானா? எல்லாரும் கீழ உக்காந்துக்கினு இருக்க சொல்லவா? போடா."

பாஸ்டர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அண்ணே, உக்காருங்கண்ணே. முட்டி வலிக்கறது கர்த்தருக்குத் தெரியாதா?" என்றார். மூடியது சரியாக மூடவில்லை, எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா குரல் வந்தது.

"உக்காரேன்யா. தைலம் தேய்ச்சி தேய்ச்சி என் கைதான் தேயுது. அங்க பாட்டு லேட்டாவுது."

சபையே சிரித்தது. நைனாவும் சிரித்துவிட்டார். நான் கையை நீட்டி சேரை என் இடது பக்கம் இழுத்துப் போட்டேன். அவர் அதன் விளிம்பில் உட்கார்ந்தார். அடுத்த ஸ்டாப்பில் யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்பது போல. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினேன். கை தெரியவில்லை, அது எங்கேயோ உயரத்தில் இருந்தது. முதல் வரி முடிகிற இடத்தில் தடுமாறிவிடுவேன் என்று தோன்றியது.

அப்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில் பாய் லேசாக அதிர்ந்தது. நைனாவின் பாதம். ஆலைச் சூட்டில் கறுத்து, குதிகால் வெடித்த பாதம், பாயில் தாளம் போட ஆரம்பித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் முதுகு நன்றாகச் சேரில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது.

அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.